தடைக்காலம், நாற்பதாவது நாள்

விசைப்படகுகள் பாம்பனில் கட்டிக் கிடக்கின்றன.
கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே
பெர்க்மான்ஸ் நடக்கிறார்,
எட்டு எட்டு, திரும்பினால் எட்டு எட்டு.
"எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ அண்ணே,
வீட்டுத் தரை தேயுது" என்றாள் பிரகாசி.
நண்டுக் கம்பெனியும் அவளுக்கு லீவு விட்டிருந்தது.

ஷேர் ஆட்டோவில் ஐந்து பேர்.
அரியமானுக்குச் சற்று முன்னால், சவுக்குக்குள்
ஒரு பழைய உப்புக் கிடங்கு.
பலகையில்: ராட்டினக் காட்சியகம்.
பெரியவர் முப்பது, பிள்ளைகள் பத்து.
தொடக் கூடாது. ஏறக் கூடாது.
"அப்ப எதுக்கு ராட்டினம்?" என்றான் ஆஸ்லின்.
டிக்கெட் கிழித்தவர் சில்லறை தேடினார்.

உள்ளே சுவர் இன்னும் உப்பாய் வியர்க்கிறது.
முதல் ராட்டினம் சந்தனக்கூடுதோறும் போய்வந்ததாம்,
தொட்டில்கள் மட்டும் மிச்சம்.
அடுத்தது எந்த ஊரென்று தெரியாது,
அச்சு முறிந்து
கரையேற்றிய வத்தை போல ஒருக்களித்திருந்தது.
மூன்றாவதில் பன்னிரண்டு பிராணிகள்:
பதினொன்று குதிரை,
ஒன்று ஆவுளியா.

செதுக்கிய ஆசாரி
குதிரையைப் படத்தில்தான் பார்த்திருப்பார்.
ஆட்டுக் காது, மனுசப் பல்.
ஆவுளியாவை நேரில் பார்த்திருக்கிறார்.
அந்தத் தொங்கின மூக்கு, மீசை முள்,
குட்டியை அணைக்க மடங்கின துடுப்பு,
அதன்மேல் கூச்சமில்லாமல் ஒரு சேணம்.

பிரகாசி ஒரு குதிரையின் பல்லைத் தொட்டாள்,
ஓடு கிழித்துக் கிழித்து ரேகை போன விரலால்.
"அண்ணி, இது சிரிக்குதா கத்துதா?"
பெயிண்ட் உரிந்த இடத்தில் நீலம்,
நீலம் உரிந்த இடத்தில் பச்சை,
அதற்கும் கீழே வெறும் பூவரசு.

பெர்க்மான்ஸ் குதிரைகளைப் பார்க்கவே இல்லை.
குனிந்து அடியில் போய்விட்டார்.
"பேரிங் கிடையாது. மரத்து மேல மரம்.
சுறா எண்ணெய் ஊத்தி ஓட்டிருக்கான்!"
விரலை முகர்ந்துகொண்டே வெளியே வந்தார்.
நாற்பது நாளாகிறது
அந்த முகத்தை நான் பார்த்து.

அப்போது கரண்ட் போனது.
டிக்கெட்காரர் மேலே அண்ணாந்தார்.
"கேமரா செத்துப்போச்சு.
ஏறுறவங்க ஏறுங்க. தள்ள ஆள் வேணும்."

இவர் தோள் கொடுத்தார்.
ஒரு முனகல், தூசி, பிறகு அசைவு.
செல்சியா முன்னால், ஆஸ்லின் பின்னால்,
சேலையைச் செருகிக்கொண்டு நான் ஒருபக்கமாய்.
வாந்தி வருமென்று செருப்புக்குக் காவல் நின்ற பிரகாசி
செருப்புகளை விட்டுவிட்டு ஓடிவந்து
ஆவுளியாவில் விழுந்தாள்.

கதவு வந்தது, போனது.
வந்தது: ஒரு கீற்றுச் சவுக்கு, ஒரு கீற்றுக் கடல்.
அவர் நடந்துகொண்டே இருந்தார்.
எவ்வளவு நடந்தும்
எனக்கும் அவருக்கும் மூன்று முழம்,
கூடவும் இல்லை குறையவும் இல்லை.
பதினாலு வருசத்தில்
போவதைப் பார்த்திருக்கிறேன், வருவதைப் பார்த்திருக்கிறேன்,
வராத பதினாறு நாளையும்.
போய்க்கொண்டே பக்கத்தில் இருப்பது
இதுதான் முதல் தடவை.
ஏதோ சொல்ல வாயெடுத்து
"மெல்லத் தள்ளுங்க" என்றேன்.

டியூப்லைட் மினுங்கியது.
"இறங்குங்க, இறங்குங்க!"
கையை எடுத்துவிட்டார். ராட்டினம் நிற்கவில்லை.
"விட்டும் ஓடுது பாரு" என்றார், அதனிடமே,
என்ஜினிடம் பேசுகிற குரலில்.

அவர் நின்றார். நான் போனேன்.
முதுகுக்குப் பின்னால் அவர் சிறுத்திருக்க வேண்டும்,
திரும்பிப் பார்க்கவில்லை.
வந்தேன். கையை நீட்டினார், எட்டவில்லை.
மறுபடி போனேன்.

பிரகாசி சவுக்கடியில் வாந்தி எடுத்தாள்.
வாய் கொப்பளித்துவிட்டு
"இன்னொரு தரம் கரண்ட் போகாதா?" என்று கேட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் சண்டை.
ஆவுளியாதான் முதல், குதிரையெல்லாம் துரத்துது, என்கிறாள் செல்சியா.
அதுதான் கடைசி, குதிரையெல்லாம் முந்திப்போச்சு, என்கிறான் ஆஸ்லின்.
மண்டபம் தாண்டிப் பாலம் ஏறியும் தீரவில்லை.
இன்னும் இருபத்தொரு நாள்.
ஆட்டோ டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து
அவர் விரலை முகர்கிறார்,
கழுவவே இல்லை.